யாழ்ப்பாணத்துப் பெண்கள் எழுதிய நூல்கள்: தேடலும் உரையாடலும்



சென்ற கிழமை இத்தொடரிலே ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்க காலத்தைப் பற்றிக் கதைத்தோம். 1885இல் வெளிவந்த சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை' முதலாக, 1895இல் வெளிவந்த சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி', 1905இல் வெளிவந்த சின்னப்பபிள்ளையின் 'வீரசிங்கன் கதை' எனச் சில நூல்களை அன்று குறிப்பிட்டேன். அதனைக் கேட்ட நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். "அந்தக் காலத்தில் எங்கட பெண்கள் ஒன்றுமே எழுதவில்லையோ?" என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடுவதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

எழுதினார்கள் என்பதே சுருக்கமான விடை. ஆனால் அந்த விடையோடு இன்னொரு விடயமும் சேர்ந்து வருகிறது. எங்கள் பெண்கள் எழுதிய நூல்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தலைமுறை கண்டெடுத்ததை அடுத்த தலைமுறை மறந்திருக்கிறது. மீண்டும் யாரோ ஒருவர் தேடியிருக்கிறார். ஆகவே யாழ்ப்பாணத்துப் பெண்களின் எழுத்து வரலாறு என்பது எழுதியதன் வரலாறு மாத்திரமன்று. தொலைத்ததும் தேடியதுமான வரலாறுமாகும்.

நான் கல்லூரியிலே தமிழ் படிப்பிப்பவன். ஒவ்வோர் ஆண்டும் உயர்தர வகுப்பு மாணவர்களிடம், பெண் எழுத்தாளர் பத்துப் பேரின் பெயரை எழுதித் தரும்படி கேட்பது வழக்கம். ஔவையார், காரைக்காலம்மையார், ஆண்டாள் என்று முதல் மூன்று பெயர்களும் உடனே வந்துவிடும். பிறகு நீண்ட மௌனம். அதன் பின்னர் தமிழ்நாட்டுத் தொடர்கதைகளால் வீட்டுக்கு வந்து சேர்ந்த லக்ஷ்மி, சிவசங்கரி, ரமணிசந்திரன் என்ற பெயர்கள் வரும். ஆண்டாளுக்கும் லக்ஷ்மிக்கும் இடையிலே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி இருப்பது மாணவர்களுக்கு உறைப்பதில்லை. தங்கள் ஊரிலிருந்து ஒரு பெயரேனும் இல்லாதது அதைவிடவும் உறைப்பதில்லை.

சங்கப் புலவர்களிடையே பெண்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளரிடையே ஒத்த கருத்தில்லை. சில பெயர்கள் ஆணுடையனவா பெண்ணுடையனவா என்று தெளிவாகத் தெரியாதிருப்பதே காரணம். எனினும் வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஒக்கூர் மாசாத்தியார் ஆகியோரை இன்று நாம் வாசிக்க முடிகிறதென்றால், அவர்களுடைய பாடல்களைத் தொகையிலே சேர்த்தவர்களுக்கும், ஏட்டிலே பெயர்த்தெழுதியவர்களுக்கும், உரைகாரர்களுக்கும் நாம் கடமைப்பட்டவர்கள். நூல் தானாக வாழ்வதில்லை. அதை எடுத்துப் பேசுபவர் ஒருவர் எக்காலத்திலும் வேண்டும். இந்த எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வருவோம்.

பெண்கள் எழுதுவதற்கு முன்னர் பெண்கள் படிக்க வேண்டும். 1824இல் அமெரிக்க மிசனரிமார் உடுவிலிலே பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். ஆசியாவிலேயே தொன்மையான பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. சைவப் பெண்பிள்ளைகளுக்கென 1913இல் மருதனார்மடத்திலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் கல்லூரி நிறுவினார். இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையிலே ஏறத்தாழ மூன்று தலைமுறைப் பெண்கள் எழுத்தறிவு பெற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பைபிளும் புராணமும் வாசித்தனர், கடிதம் எழுதினர். ஒரு சிலர் அதற்கு அப்பாலும் சென்றனர்.

அப்படிச் சென்றவர்களுள் முதலிலே வைத்து எண்ணப்பட வேண்டியவர் மங்களநாயகம் தம்பையா. தெல்லிப்பழையைச் சேர்ந்தவர், கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்தவர். இவருடைய 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவல் 1914இல் வெளிவந்தது. ஈழத்தின் முதற் பெண் நாவலாசிரியை என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இவரைக் குறிப்பிடுவர். தலைப்பு பைபிளின் சங்கீதத்திலே வரும் சொற்றொடரை நினைவூட்டுவது. அதற்கு முந்திய ஈழத்து நாவல்கள் பெரும்பாலும் தொலைதேசங்களையும் வீரசாகசங்களையும் நாடிச் சென்றவை. இந்நாவலோ யாழ்ப்பாணத்து வீட்டுக்குள்ளே வந்து அமர்ந்தது. கலியாணப் பேச்சு, சீதனம், கணவனின் நடத்தை, மனைவியின் பொறுமை என்பனவே இதன் பொருள்.

கதையிலே இரு பெண்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். கண்மணி என்பவள் கணவனால் வரும் துன்பங்களையெல்லாம் பொறுமையோடு தாங்குபவள். பொன்மணி என்பவள் தன்மேல் சுமத்தப்பட்ட கலியாணத்தை ஏற்காது, தான் விரும்பியவனை மணப்பவள். நூலின் வெளிப்படையான போதனை கண்மணியின் பக்கத்திலேயே நிற்கிறது. பொறுமையே பெண்ணுக்கு அணி என்று அது சொல்கிறது. ஆனால் பொன்மணியை ஆசிரியர் தண்டிக்கவில்லை. இந்த இடத்தைப் பற்றி நான் பலமுறை யோசித்ததுண்டு. போதனை செய்ய எடுத்த கதையிலே, போதனைக்கு அடங்காத ஒரு பெண்ணை ஏன் படைத்து, அவளுக்கு வாழ்வையும் கொடுத்தார்? 1914இலே நேரே சொல்ல முடியாத ஒன்றை அவர் கதையின் அமைப்பினாலே சொன்னார் என்பது என் கருத்து. இதனை மறுப்போரும் இருக்கலாம். மறுப்பதற்கேனும் நூலை வாசித்திருக்க வேண்டுமல்லவா?

மங்களநாயகம் தனித்து நின்றவர் அல்லர். 1923இல் மங்களம்மாள் மாசிலாமணி 'தமிழ்மகள்' என்ற சஞ்சிகையைத் தொடங்கிப் பெண்களின் கல்வி, உரிமை என்பவற்றைப் பற்றி எழுதினார். 1924இல் செம்பொற்சோதீஸ்வரர் செல்லம்மாளின் 'இராசதுரை' வெளிவந்தது. 1926இல் மங்களநாயகம் தமது 'அரியமலர்' நாவலை வெளியிட்டார். 1929இல் இராசம்மாளின் 'சரஸ்வதி அல்லது காணாமற்போன பெண்மணி' வெளிவந்தது. எழுதப் பெண்ணுக்குத் தனி அறையும் கையிலே காசும் வேண்டும் என்ற பொருளில் வேர்ஜினியா வூல்ஃப் எழுதிய புகழ்பெற்ற நூலும் அதே 1929இலேயே லண்டனில் வெளிவந்தது. இலங்கையில் சர்வசன வாக்குரிமை கிடைத்தது 1931இல். வாக்குச் சீட்டு கைக்கு வருவதற்கு முன்னரே யாழ்ப்பாணத்துப் பெண்கள் பேனாவை எடுத்துவிட்டார்கள்.

பின்னர் இவை எங்கே போயின?

முதலாவது காரணம் அச்சும் விற்பனையும். எழுதியவரே காசு போட்டு அச்சிட்டு, உறவினருக்கும் அயலவருக்கும் கொடுக்கும் வழக்கம் எம்மிடையே இன்றும் மாறவில்லை. அத்தகைய நூல் முதற்பதிப்போடு நின்றுவிடும். இரண்டாவது காரணம் பெயர். யாழ் நங்கை என்ற பெயரில் எழுதியவர் அன்னலட்சுமி இராஜதுரை என்பதும், குறமகள் என்பவர் வள்ளிநாயகி இராமலிங்கம் என்பதும் அக்கால வாசகருக்குத் தெரிந்திருக்கலாம், பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு ஆண்கள் பெண் பெயரில் எழுதிய வழக்கமும் உண்டு. தமிழ்நாட்டின் சுஜாதா தமது மனைவியின் பெயரில் எழுதியவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே பெயரை மாத்திரம் வைத்துத் தேடப் புகுபவர் இரண்டு பக்கமும் தடுமாறுவார்.

மூன்றாவது காரணம் நாங்கள் இலக்கிய வரலாறு எழுதிய முறை. கனக செந்திநாதனின் 'ஈழத்து இலக்கிய வளர்ச்சி' 1964இலும், சில்லையூர் செல்வராசனின் 'ஈழத்தில் தமிழ் நாவல் வளர்ச்சி' 1967இலும், நா. சுப்பிரமணியத்தின் 'ஈழத்துத் தமிழ் நாவல் இலக்கியம்' 1978இலும் வந்தன. இவ்வறிஞர்கள் தேடித் தொகுத்திராவிட்டால் பல பெயர்கள் எமக்கு வந்து சேர்ந்திருக்கமாட்டா. 'நொறுங்குண்ட இருதயம்' பற்றி ஆ. சிவநேசச்செல்வன் 1970களில் தனியாகவே ஆராய்ந்து எழுதினார். ஆயினும் இந்த உழைப்பிலிருந்து பாடசாலைக்கு வந்து சேர்ந்தவை பெயரும் ஆண்டும் மாத்திரமே. மாணவர் அவற்றை மனனம் செய்து பரீட்சையில் எழுதுவர். பரீட்சை முடிய மறப்பர். பட்டியலிலே இடம்பெற்ற நூல் வாசிக்கப்பட்ட நூல் ஆகிவிடாது.

நான்காவது காரணம் நெருப்பும் இடப்பெயர்வும். 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அந்த எரிப்பை நாம் மறக்கவில்லை. ஆனால் வீட்டு அலுமாரிகளின் அழிவைப் பற்றி நாம் அவ்வளவாகக் கதைப்பதில்லை. மங்களநாயகத்தின் தெல்லிப்பழை, பவானி ஆழ்வாப்பிள்ளையின் அளவெட்டி, குறமகளின் காங்கேசன்துறை, கோகிலா மகேந்திரனின் விழிசிட்டி ஆகிய நான்கு ஊர்களும் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவை. 1990இல் அப்பகுதி மக்கள் பெயர்ந்து போக, பெரும்பகுதி நிலம் பல்லாண்டு காலம் உயர்பாதுகாப்பு வலயமாகக் கிடந்தது. அங்குள்ள வீடுகளின் பெட்டகங்களில் எத்தனை நூல்கள், எத்தனை கையெழுத்துக் கொப்பிகள் கிடந்து மக்கினவோ யாரறிவார்?

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்தபோது எங்கள் குடும்பமும் செம்மணி வெளியைக் கடந்து தென்மராட்சிக்குப் போயிற்று. அப்போது நான் சிறுவன். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், ஒரு மூடை அரிசி, இரண்டு சட்டி பானை என்பவை சைக்கிளில் ஏறின. புத்தகங்கள் ஏறவில்லை. இது எல்லா வீட்டுக் கதையுந்தான். பெண்களின் நூல்கள் ஏற்கனவே ஒன்றிரண்டு பிரதிகளாகவே எஞ்சியிருந்தமையால், இவ்விழப்பு அவற்றைக் கூடுதலாகத் தாக்கியது.

இந்நிலை எமக்கு மாத்திரம் உரியதன்று. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மனின் அவைக்களத்தில் வாழ்ந்த முத்துப்பழனி என்ற பெண் தெலுங்கிலே 'ராதிகா சாந்த்வனம்' என்ற காவியம் பாடினார். 18ஆம் நூற்றாண்டு நூல் அது. பின்வந்த பதிப்பிலே பகுதிகள் விடுபட்டிருப்பதைக் கண்டு, 1910இல் அதை முழுமையாகப் பதிப்பித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றிலே தியாகராஜ சுவாமிகளுக்குச் சமாதி எழுப்பியவர் என்று எங்கள் சங்கீத ரசிகர்கள் அறிந்த அதே நாகரத்தினம்மாள்தான். ஆபாசம் என்று கூறி அரசாங்கம் அந்நூலைத் தடை செய்தது; சுதந்திரத்தின் பின்னரே தடை நீங்கியது. இங்கிலாந்திலே 1973இல் தொடங்கிய விறாகோ பதிப்பகம், 1978 முதல் மறக்கப்பட்ட பெண்களின் நாவல்களை வரிசையாக மறுபதிப்புச் செய்தது. இரண்டிடத்திலும் ஒரு வாசகிக்கு ஏற்பட்ட ஆர்வமே தொடக்கம். நூலைக் கண்டதோடு நின்றுவிடாமல் அதை மற்றவர் கையிலே கொடுத்ததே சாதனை.

மீண்டும் ஈழத்துக்கு வருவோம். 1962இல் பவானி ஆழ்வாப்பிள்ளையின் 'கடவுளரும் மனிதரும்' சிறுகதைத் தொகுதி வெளிவந்தது. திருமணம், கற்பு என்று சமூகம் கேள்வியின்றி ஏற்றவற்றைக் கேள்விக்குட்படுத்திய கதைகள் அவை. குறமகள் 1950கள் முதல் பத்திரிகைகளில் எழுதிவந்தபோதும் அவருடைய கதைகள் தொகுதியாக வரப் பல தசாப்தங்கள் சென்றன. கோகிலா மகேந்திரன் 'மனித சொரூபங்கள்' தொகுதியை 1982இலும், 'பிரசவங்கள்' தொகுதியை 1986இலும் தந்தார். ஆசிரியையாக இருந்து எழுதியமையால் பாடசாலையும் வீடும் அவருடைய கதைகளில் உயிரோடு நிற்கும். இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதினர். ஒருவரை ஒருவர் வாசித்துக் கதைக்கும் களம் ஒன்று வாய்க்கவில்லை.

அக்களம் 1980களிலே வாய்த்தது. யாழ்ப்பாணத்திலே பெண்கள் ஆய்வு வட்டம் என்ற பெயரில் கூடியவர்கள் வாசித்தனர், விவாதித்தனர், எழுதினர். அவ்வட்டம் 1986இல் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' என்ற சிறு தொகுதியிலே பத்துப் பெண்களின் இருபத்துநான்கு கவிதைகள் இடம்பெற்றன. சித்திரலேகா மௌனகுரு அதற்கு முன்னுரை எழுதினார். சங்கரி, சிவரமணி, ஔவை, மைத்திரேயி, ஊர்வசி, மசூறா ஏ. மஜீட் முதலியோர் அதிலே எழுதினர். பெண்ணை உடலாக மாத்திரம் பார்க்கும் பார்வையையும், சீதனத்தையும், யுத்தம் வீட்டுக்குள் நுழைந்த விதத்தையும் அவர்கள் எழுதினர். கைக்கடக்கமான அந்நூல் ஈழத்துக் கவிதையின் போக்கையே மாற்றியது எனலாம். தனித்தனியாக வந்திருந்தால் அக்கவிதைகளும் பழைய நாவல்களின் வழியே போயிருக்கும். பத்துப் பேர் ஒருங்கு சேர்ந்து, அவர்களைப் பற்றிக் கதைக்க ஒரு வட்டமும் இருந்தமையாலேயே அவை நின்றன.

அதன் பின்னர் வந்தவை கொடிய ஆண்டுகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட விரிவுரையாளர் ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சக விரிவுரையாளர்களோடு சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' அவரது மரணத்தின் பின்னரே நூலாயிற்று. இந்திய இராணுவ காலத்திலே பெண்கள் பட்டதை அப்பெண்களிடமே கேட்டு அவர் எழுதிய பகுதி, எங்கள் உரைநடை எழுத்தின் முக்கியமான பக்கங்களுள் அடங்கும்.

1991ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மே 19ஆம் திகதி சிவரமணி தம்மிடமிருந்த கவிதைகளை எரித்துவிட்டுத் தம்முயிரையும் மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. யூலையிலே, விடுதலைப் புலிகளின் போராளியும் கவிஞருமான வானதி ஆனையிறவிலே களத்தில் இறந்தார். ஆகஸ்ட் 30ஆம் திகதி, 'தோழி' இதழை நடத்திய கவிஞர் செல்வியை விடுதலைப் புலிகள் கைதுசெய்தனர். அவர் திரும்பி வரவில்லை. ஒரே குடாநாடு, ஒரே ஆண்டின் கோடைக்காலம், மூன்று இளம் பெண் கவிஞர்கள். அரசியலிலே அவர்கள் ஒரு பக்கத்தில் நின்றவர்கள் அல்லர். ஆனால் மூவரையும் வாசிக்காமல் அக்காலத்து யாழ்ப்பாணத்தை விளங்கிக்கொள்ள முடியாது. தமக்கு உவப்பான ஒருவரை மாத்திரம் எடுத்து மற்றவரை மறைப்பது வாசகனுக்கு அழகல்ல.

சிவரமணி எரித்தபின்னும் கவிதைகள் எப்படி எஞ்சின? தோழியர் கையிலே பிரதிகள் இருந்தன. சஞ்சிகைகளிலே சில அச்சாகியிருந்தன. அவற்றைத் திரட்டிச் சித்திரலேகா மௌனகுரு 1993இல் 'சிவரமணி கவிதைகள்' என்ற நூலாக்கினார். இருபது சொச்சம் கவிதைகளே மிஞ்சின. இதனை வகுப்பிலே சொன்னபோது மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சேர், மிச்சத்தையும் அழிக்கலாம் எண்டுதானே அவ எழுதி வைச்சவ. பிறகு நாங்கள் அதை வாசிக்கிறது சரியோ?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. இறந்தவரின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்றார்கள் சிலர். ஒருக்கால் மற்றவருக்கு வாசிக்கக் கொடுத்த கவிதை வாசித்தவருக்கும் சொந்தம் என்றார்கள் வேறு சிலர். அவர் அதை எழுதியது எவ்வளவு மனநெருக்கடியான வேளையில் என்பதையும் எண்ண வேண்டும் என்றாள் ஒருத்தி. மணி அடித்தும் முடியவில்லை. என் கருத்தை அவர்களிடம் சொன்னேன். அந்தக் கவிதைகளை வாசிக்கலாம். ஆனால் கதைப்புத்தகம் வாசிப்பதுபோல் வாசிக்க முடியாது. எழுதியவளை அந்த முடிவுக்குத் தள்ளிய காலத்தையும் சமூகத்தையும், அதிலே எங்களுக்குள்ள பங்கையும் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். மாணவி அதை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்த நாள் அத்தொகுதியைத் தேடி நூலகத்துக்குப் போனவர்களில் அவளும் ஒருத்தி.

இன்று தேடுவது முன்னரைவிட இலகு. லண்டனில் வாழும் யாழ்ப்பாணத்து நூலகவியலாளர் என். செல்வராஜா 2002 முதல் 'நூல்தேட்டம்' என்ற பெயரில் ஈழத்துத் தமிழ் நூல்களின் விபரங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வந்திருக்கிறார். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்திலே பழைய நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் பதிவேற்றப்பட்டுள்ளன. ஈழத்துப் பெண்களின் கவிதைகளை அ. மங்கை 2007இல் 'பெயல் மணக்கும் பொழுது' என்று தொகுத்தார். ஔவையின் 'எல்லை கடத்தல்' 2000இலேயே வந்துவிட்டது. நூல் கிடைக்கவில்லை என்ற சாட்டை இனி நாம் சொல்ல முடியாது.

கிடைத்த நூலைப் பற்றி ஒருவரோடொருவர் கதைக்கிறோமா என்பதே இன்றைய கேள்வி. 1914இலே வந்த நாவலும் நூலகப் பட்டியலில் ஒரு வரியாக நின்றது. இன்று கணினியிலும் ஒரு வரியாக நிற்கலாம். அந்த வரியைத் திறந்து, கண்மணி செய்தது சரியா, பொன்மணி செய்தது சரியா என்று இரண்டு பேர் வாதாடும்போதுதான் மங்களநாயகம் தம்பையா மீண்டும் எங்கள் எழுத்தாளர் ஆகிறார்.

ஆகையால் நேயர்களிடம் மூன்று வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டகத்திலோ அம்மம்மாவின் பெயர் எழுதிய பழைய நூல், சஞ்சிகை, பாட்டுக் கொப்பி ஏதுமிருந்தால், கறையான் அரித்தாலும் எறியாதீர்கள். ஊர் நூலகத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ காட்டுங்கள். இரண்டாவது, சனசமூக நிலையங்களிலே மாதத்தில் ஒரு மாலை, ஈழத்துப் பெண் ஒருவரின் ஒரு நூலை எடுத்து எல்லாரும் வாசித்துவந்து கதையுங்கள். புகழ்ந்துரை வேண்டாம், குறையும் சொல்லுங்கள். பெண் எழுதியது என்பதற்காகச் சலுகை காட்டுவதும் ஒருவகை அலட்சியமே. மூன்றாவது ஆசிரியர்களுக்கு: பெயரையும் ஆண்டையும் சொல்வதோடு நின்றுவிடாமல், ஒரு பக்கத்தையாவது வகுப்பிலே உரத்து வாசியுங்கள்.

 கடிதம் எழுதிய நேயர் எந்த நூலிலிருந்து தொடங்கப் போகிறார் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுவாரானால், அந்த நூலைப் பற்றியே இத்தொடரில் ஒரு நாள் விரிவாகக் கதைக்கலாம்.